சுவரையும் சேர்த்து வரைய வேண்டும்

என் இறுதியாண்டுத் திட்டப்பணி என்ன என்று யாராவது கேட்டால், "நியூட்ரான் ஆய்வில் பயன்படும் உணர்கருவிகளைக் கணினிக்குள் கட்டிப் பார்க்கிறேன்" என்பேன். பலர் அதற்கு மேல் கேட்பதில்லை. படிவம் நான்கில் படிக்கும் என் தம்பி மட்டும் விடவில்லை. "அப்படின்னா அது கேம் மாதிரிதானேக்கா? உன் இஷ்டத்துக்கு எதை வேணும்னாலும் வரைஞ்சிக்கலாம், என்ன பதில் வேணும்னாலும் வரவைக்கலாம்!" என்றான்.

கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி சரியானதுதான். இன்று வானிலை முன்னறிவிப்பு முதல் பாலம் கட்டுவது வரை, சிமுலேஷன் எனப்படும் கணினிப் பாவனை நுழையாத துறை இல்லை. திரையில் தெரியும் எண்ணை எப்போது நம்பலாம்? எப்போது நம்பக்கூடாது? நியூட்ரான் அளவீட்டின் வரலாற்றில் இதற்கு நல்ல விடை ஒன்று இருக்கிறது. அதை நான் புரிந்துகொண்ட விதத்தில் இங்கே சொல்கிறேன்.

எதை அளக்கிறோம்?

அணுக்கருவில் புரோட்டானோடு சேர்ந்து இருக்கும் துகள் நியூட்ரான். 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் அதனைக் கண்டுபிடித்தார். அதற்கு மின்னூட்டம் கிடையாது. ஆகவே, நேர் மின்னூட்டம் கொண்ட அணுக்கரு அதனை விலக்கித் தள்ளுவதில்லை. மிக மெதுவாக வரும் நியூட்ரான்கூட அணுக்கருவுக்குள் நுழைந்துவிடும்.

நுழைந்த பிறகு பல விதமாக நடக்கலாம். யுரேனியம் போன்ற கனமான அணுக்கரு பிளவுபடலாம். நியூட்ரான் மோதித் திசை மாறிப் போகலாம். அல்லது அணுக்கரு அதனை அப்படியே விழுங்கிக்கொள்ளலாம். என் திட்டப்பணி இந்தக் கடைசி வகையைப் பற்றியது. இதற்கு நியூட்ரான் கவர்வு என்று பெயர்.

தங்கத்தை எடுத்துக்கொள்வோம். இயற்கையில் கிடைக்கும் தங்க அணுக்கரு ஒவ்வொன்றிலும் 197 துகள்கள் உள்ளன. அது ஒரு நியூட்ரானை விழுங்கினால் தங்கம்-198 ஆகிறது. அப்போது சுமார் 6.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் அதற்குள் மிச்சமாகிறது. அந்த ஆற்றலை அது காமாக் கதிர்களாக உடனே வெளியே தள்ளிவிடும். அந்தக் காமாக் கதிர்களைப் பிடித்து எண்ணினால், எத்தனை நியூட்ரான்கள் விழுங்கப்பட்டன என்பது தெரியும்.

விழுங்கப்படும் வாய்ப்பை இயற்பியலாளர்கள் ஒரு பரப்பளவாகச் சொல்கிறார்கள். குறுக்குவெட்டுப் பரப்பு என்பது அதன் பெயர். அம்பு எய்பவருக்குப் பலகை பெரிதாக இருந்தால் குறி தவறாது அல்லவா? அதுபோல, வாய்ப்பு அதிகம் என்றால் பரப்பு பெரிது. இதன் அலகு 'பார்ன்'. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பண்ணைக் களஞ்சியம் என்று பொருள். அணுக்கருவின் அளவோடு ஒப்பிட்டால் இது களஞ்சியம் போலப் பெரியது என்று 1940-களில் விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. விநாடிக்கு 2,200 மீட்டர் வேகத்தில் வரும் நியூட்ரானுக்குத் தங்கத்தின் கவர்வுப் பரப்பு சுமார் 98.7 பார்ன். நியூட்ரானின் ஆற்றல் மாறினால் இந்த எண்ணும் மாறும். சில குறிப்பிட்ட ஆற்றல்களில் அது திடீரென்று ஊசி முனைபோல் உயர்ந்து இறங்கும். அதனை ஒத்ததிர்வு என்கிறோம்.

இந்த எண்கள் யாருக்குத் தேவை? அணு உலை வடிவமைப்பாளருக்குத் தேவை. உலையின் எஃகுச் சுவர் எத்தனை நியூட்ரான்களை விழுங்கும் என்று தெரியாமல் உலையைக் கணக்கிட முடியாது. விண்மீன்களை ஆராய்பவருக்கும் தேவை. இரும்பைவிடக் கனமான தனிமங்களில் சுமார் பாதி, முதிர்ந்த விண்மீன்களுக்குள் அணுக்கருக்கள் நியூட்ரான்களை ஒவ்வொன்றாக விழுங்கியதால் உருவானவை. எந்தத் தனிமம் எவ்வளவு உருவாகும் என்பதைத் தீர்மானிப்பவை இந்தக் கவர்வுப் பரப்புகள்தாம். எண் பிழையானால் உலையின் கணக்கும் பிழையாகும், விண்மீனின் கதையும் பிழையாகும்.

185 மீட்டர் ஓட்டப்பந்தயம்

நான் கணினிக்குள் கட்டுவது சுவிட்சர்லாந்து-பிரான்ஸ் எல்லையில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் 'என்-டாஃப்' நிலையத்தில் பயன்படும் ஓர் அமைப்பு. நான் அங்கே போனதில்லை. வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள அளவுகளைக் கொண்டுதான் கட்டுகிறேன்.

2001 முதல் இயங்கிவரும் அந்த நிலையத்தில், வேகமூட்டப்பட்ட புரோட்டான்களை ஒரு பெரிய ஈயக் கட்டியில் மோதவிடுகிறார்கள். மோதும் ஒவ்வொரு புரோட்டானுக்கும் சுமார் 300 நியூட்ரான்கள் தெறித்து வெளிவருகின்றன. எல்லா நியூட்ரான்களும் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் அவற்றின் வேகம் ஒன்றல்ல. அவை ஒரு நீண்ட வெற்றிடக் குழாய்க்குள் ஓடுகின்றன. சுமார் 185 மீட்டர் தொலைவில், நாம் சோதிக்க விரும்பும் பொருள் ஒரு மெல்லிய தகடாக வைக்கப்பட்டிருக்கும். அதுதான் இலக்கு.

பள்ளி ஓட்டப்பந்தயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வெடிச்சத்தத்தில் எல்லாரும் கிளம்புகிறார்கள். யார் எப்போது எல்லைக்கோட்டைத் தொட்டார் என்று பார்த்தால் அவருடைய வேகம் தெரிந்துவிடும். இங்கும் அதே கணக்குதான். 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட நியூட்ரான் 185 மீட்டரைச் சுமார் 13 மைக்ரோ விநாடியில் கடக்கும். 1 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே கொண்ட நியூட்ரானுக்குச் சுமார் 13 மில்லி விநாடி ஆகும், அதாவது ஆயிரம் மடங்கு அதிக நேரம். ஆக, நியூட்ரானின் ஆற்றலை நமக்குச் சொல்வது கடிகாரம். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

பத்து ரிங்கிட்டுக்குச் சில்லறை

இலக்கின் இரு பக்கங்களிலும் உணர்கருவிகள் நிற்கின்றன. அவற்றுக்குள் இருப்பது 'சி6டி6' என்ற திரவம். பென்சீனில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியத்தை வைத்தால் கிடைப்பது அது. காமாக் கதிர் பட்டால் இந்தத் திரவம் மினுக்கென்று ஒளிரும். அந்த ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக மாற்றும். சாதாரண பென்சீன் ஏன் கூடாது என்றால், ஹைட்ரஜன் நியூட்ரானை விழுங்கக்கூடியது. மெதுவான நியூட்ரானை விழுங்கும் வாய்ப்பு ஹைட்ரஜனைவிட டியூட்டீரியத்துக்கு 600 மடங்குக்கும் மேல் குறைவு. நாம் எண்ண வேண்டியது இலக்கு விழுங்கியதைத்தான், கருவி விழுங்கியதை அல்ல.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. தங்கம்-198 தன் 6.5 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை எப்போதும் ஒரே மாதிரி செலவழிப்பதில்லை. சில வேளை ஒரே பெரிய காமாவாகக் கொடுத்துவிடும். சில வேளை நான்கைந்து சிறிய காமாக்களாகப் பிரித்துக் கொடுக்கும். பத்து ரிங்கிட் நோட்டை மாற்றப் போனால், ஒருவர் இரண்டு ஐந்து ரிங்கிட் நோட்டுகள் தருகிறார், இன்னொருவர் ஒரு ஐந்தும் ஐந்து ஒன்றும் தருகிறார். அதுபோலத்தான்.

நம் கருவியோ சிறியது. சிதறி ஓடும் நோட்டுகளில் பெரும்பாலும் ஒன்றைத்தான் பிடிக்கும், பல வேளைகளில் ஒன்றையும் பிடிக்காது. ஆறு நோட்டுகளாக மாற்றினால் ஏதாவது ஒன்று சிக்க வாய்ப்பு அதிகம், இரண்டாக மாற்றினால் குறைவு. அப்படியானால், எத்தனை முறை பத்து ரிங்கிட் மாற்றப்பட்டது என்பதை நேர்மையாக எண்ணுவது எப்படி?

இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. ஒரு நோட்டு சிக்கும் வாய்ப்பு அதன் மதிப்புக்கு நேர்விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு என்றால் ஐந்து ரிங்கிட்டுக்கு 5 விழுக்காடு. இரண்டு ஐந்து ரிங்கிட் நோட்டுகள் வந்தால் 5-உம் 5-உம் சேர்ந்து 10. ஓர் ஐந்தும் ஐந்து ஒன்றும் வந்தால், 5-உம் ஐந்து முறை 1-உம் சேர்ந்து அதுவும் 10. எப்படி மாற்றினாலும் விடை பத்துதான்!

உண்மையான சி6டி6 கருவி இந்த நேர்விகித விதிக்குக் கட்டுப்படாது. மேலும் அது ஐந்து ரிங்கிட்டைப் பிடித்தாலும் 'இரண்டு' என்று சொல்லக்கூடும். காமாக் கதிர் தன் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் திரவத்தில் விட்டுவிட்டு மிச்சத்தோடு வெளியேறிவிடுவதே காரணம். ஆகவே, கருவி தரும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் எடை கொடுத்து, மொத்தக் கணக்கு நேர்விகிதத்துக்கு வருமாறு சரிசெய்கிறார்கள். மேக்லின், கிப்பன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1967-இல் இந்த முறையைப் பயன்படுத்திக் காட்டினார்கள். இன்றும் அதுவே நடைமுறையில் இருக்கிறது.

அந்த எடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வோர் ஆற்றலிலும் வரும் காமாவுக்குக் கருவி எப்படிப் பதில் சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லா ஆற்றல்களுக்கும் தனித்தனியாகக் காமா தரும் கதிரியக்கப் பொருள்கள் நம்மிடம் இல்லை. கணினிப் பாவனை உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

பகடை உருட்டும் கணினி

நான் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் 'ஜியான்ட்4'. 1998-இல் முதன்முதலாக வெளிவந்தது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளக்கூடிய மென்பொருள் அது. அதற்கு மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். எந்தப் பொருள் எந்த வடிவில் எங்கே இருக்கிறது? எந்தத் துகள் எங்கிருந்து கிளம்புகிறது? எந்தெந்த இயற்பியல் விதிகள் செல்லும்?

அதன் பிறகு கணினி ஒரு காமாவைக் கிளப்பிவிடும். அது அடுத்து எங்கே மோதும்? பகடை உருட்டுகிறது. மோதியபின் எந்தத் திசையில் போகும்? மறுபடியும் பகடை. எவ்வளவு ஆற்றலை இழக்கும்? இன்னொரு பகடை. ஆனால் பகடையின் முகங்கள் எல்லாம் சமமானவை அல்ல. ஒவ்வொரு முகத்துக்கும் உள்ள வாய்ப்பு, அளந்து அறிந்த இயற்பியல் விதிகளிலிருந்து வருகிறது. இப்படி ஒரு மில்லியன் காமாக்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தால், கருவியின் பதில் ஒரு வரைபடமாகக் கிடைத்துவிடும்.

இந்த முறைக்கு மோன்டே கார்லோ என்று பெயர். 1946-இல் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது தனியாகச் சீட்டு விளையாடினார். ஆட்டம் கைகூடும் வாய்ப்பைச் சூத்திரத்தால் கணக்கிடுவதைவிட, நூறு முறை ஆடிப்பார்த்து எண்ணிவிடுவது எளிது என்று அவருக்குத் தோன்றியது. அந்த யோசனையை அவர் ஜான் வான் நியூமனிடம் சொன்னார். 1948-இல் எனியாக் கணினியில் இம்முறை ஓடியது. அவர்கள் முதலில் தீர்க்க முயன்ற புதிரே, பொருளுக்குள் நியூட்ரான்கள் எப்படிப் பரவுகின்றன என்பதுதான். இந்த முறை நியூட்ரானுக்காகவே பிறந்தது என்றுகூடச் சொல்லலாம்.

எத்தனை முறை பகடை உருட்ட வேண்டும்? நூறு முறை எண்ணினால் ஐயப்பாடு சுமார் 10 விழுக்காடு. பத்தாயிரம் முறை எண்ணினால் 1 விழுக்காடு. ஒரு மில்லியன் முறை எண்ணினால் 0.1 விழுக்காடு. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஐயப்பாடு குறைகிறது. இரவு முழுதும் மடிக்கணினியை ஓடவிட்டால் மிகத் துல்லியமான எண் காலையில் கையில் இருக்கும்.

ஆனால், துல்லியமான எண்ணெல்லாம் சரியான எண் ஆகிவிடாது. இதை உலகத்துக்கு உணர்த்தியது ஓர் இரும்புத் துண்டு.

இரும்பு தந்த பாடம்

இரும்பு-56 அணுக்கருவுக்கு 1.15 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஓர் ஒத்ததிர்வு உண்டு. அதனை இரண்டு வழிகளில் அளக்கலாம். ஒன்று, நான் மேலே சொன்னபடி காமாக்களை எண்ணி அளப்பது. மற்றொன்று, இரும்பைத் தாண்டி எத்தனை நியூட்ரான்கள் மறுபக்கம் போகின்றன என்று பார்ப்பது. இரண்டாவது வழியில் காமாவும் இல்லை, எடையும் இல்லை. இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தர வேண்டும்.

தரவில்லை. 1980-களில் இரண்டுக்கும் இடையே சுமார் 20 விழுக்காடு வரை வேறுபாடு இருந்தது. அணு உலைகளில் இரும்பு முக்கியமான கட்டுமானப் பொருள். அதன் எண்ணிலேயே ஐந்தில் ஒரு பங்கு தகராறு என்றால், அதே முறையில் அளந்த மற்றத் தனிமங்களின் கதி என்ன? அனைத்துலக ஆய்வாளர்கள் ஒன்றுகூடி இந்தப் புதிரை ஆராய்ந்தார்கள்.

பழுது நியூட்ரானிலும் இல்லை, இரும்பிலும் இல்லை. எடைகளில் இருந்தது. தங்கம் தன் ஆற்றலைப் பெரும்பாலும் சில்லறையாகத் தருவது. இரும்போ பெரிய நோட்டாகவே தரும் பழக்கம் உடையது. அதன் மொத்த ஆற்றலான சுமார் 7.6 மெகா எலக்ட்ரான் வோல்ட்டையும் ஒரே காமாவாகக்கூடத் தந்துவிடும். பெரிய காமாக்களுக்குரிய எடைகள் தவறாக இருந்தால், சில்லறை தரும் பொருளோடு ஒப்பிட்டு இரும்பை அளக்கும்போது கணக்கு சாய்ந்துவிடும்.

எடைகள் ஏன் தவறின? பழைய கணக்குகள் கருவியின் திரவத்தைத்தான் முக்கியமாக எடுத்துக்கொண்டன. ஆனால் காமாக் கதிர் திரவத்துக்கு வருவதற்கு முன்பே இலக்கிலும் கருவியின் உறையிலும் சுற்றியுள்ள பொருள்களிலும் மோதுகிறது. 1988 வாக்கில் பெல்ஜியத்தின் கீல் நகர ஆய்வுக்கூடம், கருவியின் பதிலைச் சோதனை மூலமாகவே அளந்து புதிய எடைகளைக் கண்டறிந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தினர், சுற்றியுள்ள பொருள்களையும் சேர்த்து மோன்டே கார்லோ முறையில் கணக்கிட்டார்கள். இரண்டு வழிகளும் முரண்பாட்டைத் தீர்த்துவைத்தன. பின்னர் என்-டாஃப் குழுவினர் இரும்பு உட்பட்ட பல இலக்குகளைக் கொண்டு இந்த முறையைச் சோதித்து, 2 விழுக்காட்டுக்குள் நம்பலாம் என்று 2004-இல் வெளியிட்டார்கள்.

20 விழுக்காடு 2 விழுக்காடாகக் குறைந்ததற்கு அடிப்படை, முன்பு வரையாமல் விட்டதை வரைந்ததுதான்.

சுவரிலிருந்து வந்த பொய்

காமாவின் கதை இது. நியூட்ரானின் கதை இன்னும் சங்கடமானது.

இலக்கில் படும் நியூட்ரான்களில் பல விழுங்கப்படுவதில்லை. மோதித் திசை மாறி ஓடுகின்றன. அவற்றில் ஒன்று கருவியின் அலுமினிய உறையில் போய் விழுங்கப்பட்டால், அங்கிருந்தும் காமா வரும். 'நான் இலக்கிலிருந்து வரவில்லை' என்று அந்தக் காமா சொல்லப்போவதில்லை. கருவி அதையும் சேர்த்து எண்ணிவிடும். ஆகவேதான் நியூட்ரானை மிக அரிதாகவே விழுங்கும் கார்பன் இழையால் கருவியின் உறையைச் செய்தார்கள்.

அதோடு முடியவில்லை. திசை மாறிய நியூட்ரான் கூடத்தின் சிமெண்டுச் சுவரை நோக்கியும் போகலாம். அங்கே பல முறை மோதி, வேகம் குறைந்து, சற்று நேரம் அலைந்து திரிந்தபின் விழுங்கப்படலாம். அப்போது வரும் காமா தாமதமாக வருகிறது. நியூட்ரானின் ஆற்றலை நமக்குச் சொல்வது கடிகாரம் என்று முன்பு பார்த்தோம். ஆகவே, தாமதமாக வந்த காமாவை நாம் ஏதோ ஒரு மெதுவான நியூட்ரானின் கணக்கில் எழுதிவிடுவோம். பொய்யான எண்ணிக்கை, அதுவும் பொய்யான ஆற்றலில்!

2014-இல் வெளியான ஓர் ஆய்வில், என்-டாஃப் குழுவினர் கருவிகளை மட்டுமல்லாமல் கூடத்தையே, சுவர்கள் உட்பட, ஜியான்ட்4-இல் கட்டினார்கள். தாமதமாக வரும் இந்தப் பின்னணியைச் சரியாக மதிப்பிட அது தேவைப்பட்டது. சரிபார்க்க அவர்கள் பயன்படுத்தியது கார்பன் இலக்கு. கார்பன் நியூட்ரானைத் திசைமாற்றும், ஆனால் மிக அரிதாகவே விழுங்கும். ஆகவே கார்பனை வைத்து அளக்கும்போது வரும் எண்ணிக்கையில் பெரும்பகுதி சுற்றுப்புறத்தின் குரல்தான். கணினியில் கேட்ட குரலும் கூடத்தில் கேட்ட குரலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள்.

என் திட்டப்பணியிலும் இதே வரிசையைத்தான் விரிவுரையாளர் வகுத்துத் தந்தார். முதல் வாரம் திரவம் மட்டும். அடுத்து உறை, அதற்கடுத்து இலக்கும் அதனைத் தாங்கும் சட்டமும், பிறகு மேசை, கடைசியாகத் தரையும் சுவர்களும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே எண்ணிக்கையில் துகள்களை ஓடவிட்டு, வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொன்னார். பொருள் ஒன்று சேரும்போதெல்லாம் கோடு நகர்ந்தது. முதல் வரைபடம்தான் எல்லாவற்றிலும் சுத்தமாக, பார்க்க அழகாக இருந்தது. அதில் மேசை இல்லை, சுவர் இல்லை என்று கணினி ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை. தரவும் தராது. சொன்னதைத்தான் அது பாவனை செய்யும். சொல்லாமல் விட்டதை அது அறியாது.

அப்படியானால் இது கேமா?

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கேமில் விதிகளை எழுதுபவர் நினைத்தால் மனிதன் பறக்கலாம். இங்கே அது முடியாது. காமாக் கதிர் பொருளுக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பது பல பத்தாண்டுகளாக அளந்து அறியப்பட்ட ஒன்று. அதை நான் மாற்றுவதில்லை.

அதைவிட முக்கியமானது, இங்கே தேர்வு உண்டு. சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவைத் தருகிறது. ஓர் எலக்ட்ரானோடு ஒருமுறை மோதி அதிகபட்சமாக அது விட்டுச் செல்லக்கூடிய ஆற்றல் 478 கிலோ எலக்ட்ரான் வோல்ட். சி6டி6 கருவியின் வரைபடம் அந்த இடத்தில் சரிய வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உண்மையான கருவியின் முன் உண்மையான சீசியத்தை வைத்துப் பார்க்கிறார்கள். கோபால்ட்-60, இட்ரியம்-88 ஆகியவற்றையும் வைத்துப் பார்க்கிறார்கள். கணினியின் கோடும் கருவியின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால்தான் அடுத்த படி. பொருந்தாவிட்டால் திருத்த வேண்டியது கணினியை, இயற்கையை அல்ல.

மென்பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நியூட்ரான் தரவு நூலகங்களில் பல அணுக்கருக்களுக்குச் சராசரிக் காமாப் பட்டியல்தான் இருக்கும். அந்தப் பட்டியலிலிருந்து காமாக்களைத் தனித்தனியாகப் பொறுக்கினால், பத்து ரிங்கிட்டுக்குச் சில வேளை ஒன்பது ரிங்கிட் சில்லறையும் சில வேளை பன்னிரண்டு ரிங்கிட் சில்லறையும் வரும். பல முறை எடுத்த சராசரி சரியாக இருக்கும், தனித்தனி நிகழ்வு சரியாக இராது. எந்தக் கேள்விக்குச் சராசரி போதும், எந்தக் கேள்விக்குப் போதாது என்று தீர்மானிப்பது மனிதரின் வேலை.

இன்னொரு ஐயமும் உங்களுக்கு வரலாம். கவர்வுப் பரப்பை அளக்கக் கணினிப் பாவனை வேண்டும், பாவனைக்கோ கவர்வுப் பரப்பு வேண்டும். இது தன் வாலையே துரத்தும் நாயின் கதை அல்லவா? அல்ல. எடைகளைக் கணக்கிடத் தேவைப்படுவது காமாவின் விதிகள். அவை நன்கு தெரிந்தவை. பின்னணியைக் கணக்கிடத் தேவைப்படுவது கார்பன், அலுமினியம், சிமெண்டு போன்ற பழகிய பொருள்களின் எண்கள். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளக்கிறோம். எது தெரிந்தது, எது தெரியாதது என்ற கோட்டை அழித்துவிட்டால் மட்டுமே அது நாயின் கதையாகும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தம்பி, "அப்ப, கேம்ல ஜெயிக்கணும்னு பாப்பாங்க. இதுல எங்க தோத்துப்போகும்னு பாக்கணும்" என்றான். இதைவிடச் சுருக்கமாக என் விளக்கவுரையில் நானே எழுதியிருக்க முடியாது.

தொடங்க விரும்புவோருக்கு

இந்தத் துறைக்கு வெளிநாட்டுக்குப் போயே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். பாங்கியில் உள்ள ஒரு மெகாவாட் ஆய்வு உலையான 'ரியாக்டர் டிரிகா புஸ்பாத்தி' 1982 முதல் நம் நாட்டுக்கு நியூட்ரான்களைத் தந்துவருகிறது. பொருள்களில் கலந்திருக்கும் தனிமங்களை நியூட்ரான் கொண்டு கண்டறியும் ஆய்வுகள் அங்கே நடக்கின்றன. அங்கும் காமாவை எண்ண வேண்டும், உணர்கருவியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் கூடுதல் கணிதத்தில் நிகழ்தகவை வெறும் தேர்வுக் கேள்வியாக ஒதுக்கிவிடாதீர்கள். என் திட்டப்பணி முழுதும் அதன்மேல்தான் நிற்கிறது. தாளில் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு வட்டமும் வரைந்து, கணினியில் தற்போக்காகப் புள்ளிகளை விழச்செய்து, வட்டத்துக்குள் விழுந்தவற்றை எண்ணிப் பாருங்கள். சதுரத்தைத் தொடும் வட்டமாக இருந்தால், அந்த விகிதத்தை நான்கால் பெருக்கும்போது 'பை' கிடைக்கும். அதுவும் மோன்டே கார்லோதான். பைத்தானில் பத்து வரிகள் போதும்.

பல்கலைக்கழக மாணவர்கள் சி++ மொழியின் அடிப்படையைக் கற்றுக்கொண்டால் ஜியான்ட்4-ஐத் தொடங்கிவிடலாம். அதனோடு வரும் எடுத்துக்காட்டு நிரல்களே நல்ல ஆசிரியர்கள். விலை உயர்ந்த கணினி தேவையில்லை. பொறுமை தேவை.

அத்துடன் ஒரு பழக்கமும் தேவை. எந்தத் துறையில் எந்தக் கணினிப் பாவனையைப் பார்த்தாலும், எத்தனை தசமப் புள்ளி வரை விடை வந்திருக்கிறது என்று முதலில் பார்க்காதீர்கள். எதையெல்லாம் சேர்த்து வரைந்தார்கள், எதை விட்டார்கள், விட்டதை எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். இரும்பின் கணக்கில் 20 விழுக்காடு வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்தது, யாரோ அதே எண்ணை வேறொரு வழியிலும் அளந்து பார்த்ததால்தான்.